ஒரே பால்மரம், ஆறு ஊடகம்: தோட்டப் பட்டணத்தில் வரையக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

வரையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, வண்ணப் பெட்டி வாங்காதீர்கள் என்பதுதான். அதற்கு முன் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், அடுத்த மாதமும் அதே இடத்தில் நிற்கக்கூடிய ஒன்று. அதையே பென்சில், கரி, மை, நீர்வண்ணம், எண்ணெய் பேஸ்டல், அக்ரிலிக் என்று வரிசையாக வரையுங்கள். பொருள் மாறாமல் இருந்தால்தான் ஊடகம் என்ன செய்கிறது என்பது கண்ணுக்குப் புலப்படும். இன்று பூனை, நாளை மலை, மறுநாள் சாமி படம் என்று தாவினால், படம் சரியாக வராததற்குக் காரணம் பென்சிலா பூனையா என்று கடைசிவரை தெரியாது.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் வசதி. பால்மரம் என்கிற ரப்பர் மரம், செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை, தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடு, கோவில் கோபுரம் எல்லாம் பக்கத்திலேயே உண்டு. இந்த வழிகாட்டிக்கு நான் பால்மரத்தை எடுத்துக்கொள்கிறேன். 1877 இல் கோலகங்சாரில் நட்ட பால்மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. ஒருநாள் போய்ப் பாருங்கள். ஆனால் வரைந்து பழகுவதற்கு, கிட்டப்போய்ப் பட்டையைத் தொட்டுப் பார்க்கக்கூடிய, இன்னும் பாலுக்காகப் பட்டை சீவிக்கொண்டிருக்கிற மரமே மேல். தோட்டத்துக்குள் போவதானால் கங்காணியிடமோ ஆபீசிலோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சீவும் வேலையும் பால் எடுப்பதும் முடிந்த பிறகு போங்கள். முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அங்கே இருக்கிற கொசுவுக்குக் கலை ரசனை கிடையாது.

முதலில் கண்

பென்சிலைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் சும்மா பாருங்கள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட மனப்பாடமாக வரையும்போது பட்டையில் பால் சீவும் வெட்டை இடவலம் மாற்றிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வழக்கமான வெட்டு, நமக்கு எதிரே இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இறங்கும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் மேலே போகப்போகச் சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதற்குக் குறுக்காக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும், பால் கூடும். காரணம் தெரிந்தவர் கை அந்தக் கோட்டைத் தப்பாகப் போடாது.

செம்பனையை எடுத்துக்கொண்டவர்களுக்கும் ஒரு குறிப்பு. தென்னை ஓலையைப் போல அதன் ஓலை தட்டையாக இருக்காது. ஓலையின் இலைகள் நடுத்தண்டிலிருந்து வெவ்வேறு கோணத்தில் கிளம்புவதால் ஓலை முழுக்கக் கலைந்த மாதிரி தெரியும். தண்டில் வெட்டி மிஞ்சிய மட்டைகள் திருகு சுழலாக ஏறும். ஒரு பக்கச் சாய்வில் எட்டு வரிசையை எண்ண முடியும். தோட்டத்தில் மரங்களைப் பெரும்பாலும் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். அதனால் ஓர் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் பல திசைகளில் நேர்வரிசை திறந்துகொள்ளும். தூரக்காட்சி பழக இதைவிட நல்ல பாடசாலை கிடையாது.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேலே நின்று நிழலையெல்லாம் காலடியில் சுருட்டிவிடும். மரம் தட்டையாகத் தெரியும். காலை பத்துக்கு முன்பு அல்லது மாலை நாலரைக்கு மேல் உட்காருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் தண்டின் உருளை வடிவம் தெரியும்.

பென்சில்: அவசரப்படாதீர்கள்

மற்ற ஐந்துக்கும் அடித்தளம் இதுதான், அதனால் இங்கே அதிக நாள் செலவழியுங்கள். எச்பி, 2பி, 4பி, 6பி என்று நாலு பென்சில் போதும். பென்சில் கருவில் கிராஃபைட்டோடு களிமண் கலக்கும் முறைக்கு 1795 இல் பிரான்சின் நிக்கோலா-ஷாக் கோன்டே காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கரு கடினமாகி வெளிர்கோடு விழும். கிராஃபைட் கூடினால் மென்மையாகிக் கறுக்கும். பென்சிலில் இருக்கும் எச், பி எழுத்துகள் சொல்வது இதைத்தான். 12 பென்சில் அடங்கிய தகரப் பெட்டி பார்க்க அழகு, ஆனால் அதில் பாதி பெட்டிக்குள்ளேயே கிழடாகும்.

முதல் பயிற்சி அளவெடுப்பது. கையை முழங்கை மடங்காமல் நீட்டி, பென்சிலை நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடுங்கள். மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கின் உயரத்தைப் பென்சில் முனைக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து வெட்டு வரை அப்படி எத்தனை மங்கு அடங்குகிறது என்று எண்ணுங்கள். அந்த விகிதத்தைத் தாளில் குறித்துவிட்டுத்தான் வடிவத்துக்குப் போக வேண்டும். கை மடங்கினால் அளவு மாறிவிடும். புதியவர்களின் கணக்கு பெரும்பாலும் உதைப்பது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, பென்சிலைப் பிடிக்கும் விதம். எழுதுவதுபோல் முனைக்குப் பக்கத்தில் பிடித்தால் விரல்தான் ஆடும், குட்டைக் கோடுதான் வரும். தண்டின் நீளக் கோட்டுக்குப் பென்சிலைப் படுக்கவைத்து, உள்ளங்கைக்கு அடியில் பிடித்து, தோளிலிருந்து கையை இழுங்கள். முதல் வாரம் கோணல்மாணலாகத்தான் வரும். பழைய செய்தித்தாளில் பக்கம் பக்கமாக இழுத்துப் பழகுங்கள், தாளுக்குக் காசு ஆகாது.

அப்புறம் நிழல். 4பி பென்சிலில் ஐந்து கட்டம் போட்டு, முதல் கட்டத்தை வெள்ளையாக விட்டு, கடைசியை முடிந்தவரை கறுப்பாக்கி, நடுவில் மூன்று படிகளைச் சமமாகக் கொண்டுவாருங்கள். கேட்க எளிது, மூன்றும் ஒன்றுபோல் ஆகிவிடும். இந்த ஐந்து படியும் கைக்கு வந்தபின் கண்ணை இடுக்கி மரத்தைப் பாருங்கள். விவரங்கள் மறைந்து பெரிய இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். தண்டின் வெளிச்சப் பக்கம் இரண்டாம் படி, திரும்பும் இடம் நான்காம் படி, ஆனால் நிழல் பக்கத்தின் ஓரம் மறுபடி மூன்றாம் படி. தரையிலிருந்தும் பக்கத்து மரத்திலிருந்தும் திரும்பி வரும் ஒளிதான் அந்த ஓரத்தைச் சற்று வெளுப்பாக்குகிறது. இதை விட்டுவிட்டால் தண்டு உருளாமல் பலகை போல் நிற்கும்.

விரலால் தேய்த்து நிழலை வழவழப்பாக்கும் பழக்கம் வேண்டாம். நம் வெயிலில் விரலில் வியர்வையும் எண்ணெயும் எப்போதும் இருக்கும். தாளில் அது படிந்த இடம் திட்டுத்திட்டாகும், அழித்தாலும் போகாது. டிஷ்யூவைச் சுருட்டிப் பயன்படுத்துங்கள். வரையும் கைக்கு அடியில் ஒரு வெற்றுத்தாளும் இருக்கட்டும். அழிப்பானை இருட்டிலிருந்து ஒளியைத் தோண்டி எடுக்கும் கருவியாகவும் பாருங்கள். பிசைகிற ரப்பர் கிடைக்காவிட்டால் சுவரில் படம் ஒட்டும் புளூடேக் உருண்டை அதே வேலையைச் செய்யும். கித்தா, அதாவது ரப்பர், துண்டு பென்சில் கோட்டை அழிக்கும் என்று 1770 இல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதிவைத்தார். மலாயாவில் கித்தாத் தோட்டம் வருவதற்கு நூறாண்டுக்கு மேல் முந்திய செய்தி அது.

கரி

பென்சிலில் விவரத்துக்குள் மூழ்கிப் போகிறவர்களைக் கரிதான் வெளியே இழுக்கும். கரியில் நுணுக்கம் முடியாது, அதுவே நன்மை.

கரி வாங்கவும் செய்யலாம், செய்யவும் செய்யலாம். பென்சில் கனமுள்ள காய்ந்த குச்சிகளைப் பட்டை உரித்து, பழைய மைலோ டின்னில் நெருக்கமாக அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, நன்றாக மூடி, திறந்த வெளியில் விறகுத் தணலில் வையுங்கள். துளையில் முதலில் வெண்புகை வரும். புகை நின்றதும் டின்னை எடுத்து முழுதாக ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்; சூட்டில் திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சி சாம்பலாகிவிடும். கோல செப்பத்தாங் சூளைகளில் பாக்காவ் என்ற சதுப்புநில மரத்தில் சுடுகிற கரி பேர்போனதுதான், ஆனால் அது அடுப்புக்கு. கெட்டியான கரி தாளைக் கீறும். படத்துக்கு மெல்லிய குச்சிதான் தோது.

செய்முறை பென்சிலுக்கு நேர்எதிர். கரியைப் படுக்கவைத்துத் தாள் முழுக்க லேசாகத் தடவி, துணியால் ஒற்றிச் சாம்பல் நிறமாக்குங்கள். அந்தச் சாம்பல்தான் நடுப்படி. இப்போது அழிப்பானால் ஒளியை எடுங்கள்: இலைகளுக்கு நடுவே தெரியும் வானம், மங்கின் விளிம்பு, வெட்டில் வடியும் பால். பிறகு மிக இருட்டான இடங்களில் மட்டும் கரியை அழுத்துங்கள். லயத்து வீட்டுத் தகரக் கூரையின் மினுமினுப்புக்கு இதைவிட விரைவான வழி இல்லை. சொரசொரப்பான தாள் வேண்டும், வழவழத் தாளில் கரி நிற்காது. முடிந்ததும் கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸடிவ் அடியுங்கள். பலர் தலைமுடி ஸ்பிரே அடிக்கிறார்கள். பயிற்சிப் படத்துக்குச் சரி, வைத்துக்கொள்ளும் படத்துக்கு வேண்டாம், நாளடைவில் மஞ்சளாகும். எதை அடித்தாலும் வெளியே வைத்து அடியுங்கள்.

மை

மையில் அழிக்க முடியாது என்று பயப்படுகிறார்கள். அழிக்க முடியாது என்பதால்தான் கை முடிவெடுக்கப் பழகுகிறது. பேனா வாங்கும்போது ஒன்றைச் சோதியுங்கள்: கோடு போட்டு, காயவிட்டு, ஈரத்தூரிகையால் தடவுங்கள். கரைந்தால் அது மேலே வண்ணம் பூச ஆகாது. சகுரா மைக்ரான் போன்ற நிறமி மைப் பேனாக்கள் கரையாது. 0.1, 0.5 இரண்டு அளவு போதும்.

மையில் சாம்பல் நிறம் இல்லை. கோடுகளின் நெருக்கம்தான் நிழல். கோட்டின் திசை வடிவத்தைப் பின்பற்ற வேண்டும். தண்டில் கோடு குறுக்காக வளைந்து போனால் உருளும். சீவிய பகுதியில் பட்டை வழவழப்பாக இருப்பதால் அங்கே கோடு குறையட்டும். சீவாத பட்டையில் சொரசொரப்புக்கு உடைந்த கோடும் புள்ளியும். அதே மரத்தில் இரண்டு வகைத் தோல் என்பதைக் கோடு ஒன்றினாலேயே காட்டலாம். மெல்லிய மூங்கிலைப் பேனாபோல் சாய்த்துச் சீவி இந்தியன் மையில் தொட்டு வரைந்தும் பாருங்கள். கோடு தடித்து மெலிந்து உயிரோடு வரும். நம் பேராக்கில் பிறந்த லாட்டின் கேலிச்சித்திரங்களை எடுத்துவைத்து, ஒரு வீட்டையோ கூட்டத்தையோ எத்தனை குறைந்த கோட்டில் முடிக்கிறார், எங்கே கறுப்பை மொத்தமாக நிரப்புகிறார் என்று எண்ணிப் பாருங்கள். நல்ல பாடம்.

நீர்வண்ணம்: இங்கேதான் ஊர்க்காற்று தலையிடும்

மலாயாவில் நீர்வண்ணத்துக்கு நல்ல பரம்பரை உண்டு. பினாங்கின் யோங் முன் சென்னும் அப்துல்லா அரிஃபும் இந்நாட்டுக் கடற்கரையையும் கம்பம் என்கிற கிராமத்தையும் அதில்தான் தீட்டினார்கள். கோலாலம்பூர் போகும்போது, 1958 இல் தொடங்கிய தேசியக் கலைக்கூடத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். அச்சில் பார்க்கும் படம் தாளின் சொரசொரப்பைக் காட்டாது.

தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பள்ளி டிராயிங் பிளாக்கின் மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அப்பளமாகச் சுருளும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தாள் வாங்கி, நான்காக வெட்டி, பலகையில் நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். தூரிகை எட்டாம் எண் வட்டத் தூரிகை ஒன்று, அகலத் தூரிகை ஒன்று. வண்ணம் ஐந்து குழாய்: லெமன் மஞ்சள், மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் சியன்னா, குவினாக்ரிடோன் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம். வெள்ளையும் கறுப்பும் வேண்டாம். வெள்ளை என்பது தாள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கடையில் விற்கும் கறுப்பைவிட ஆழமான இருட்டு கிடைக்கும்.

பச்சைக் குழாயும் வாங்காதீர்கள். தோட்டம் முழுக்கப் பச்சைதானே என்பீர்கள், அதனால்தான். குழாயிலிருந்து நேராக வரும் பச்சை பிளாஸ்டிக் வாளி நிறத்தில் கத்தும். அல்ட்ராமரினோடு லெமன் மஞ்சள் கலந்தால் வெயில்பட்ட இளந்தளிர், ஓக்கர் கலந்தால் முதிர்ந்த இலை, அதில் துளி பர்ன்ட் சியன்னா விட்டால் நிழலில் இருக்கும் செம்பனை. தூரத்து மரங்களுக்கு நீலத்தைக் கூட்டித் தண்ணீரையும் கூட்டுங்கள்.

மனிதரை வரையும்போதும் இதே கதை. பெட்டியில் தோல் நிறம் என்று வருகிற இளஞ்சிவப்புக் குழாய் நம் முகங்களுக்குப் பொருந்தாது. பர்ன்ட் சியன்னாவோடு ஓக்கர், நிழலுக்கு அல்ட்ராமரின். கறுத்த தோலில் நெற்றியும் கன்ன எலும்பும் மின்னும் இடத்தில் வெளிர் பழுப்பு பூசாமல், வான வெளிச்சத்தின் நீலத்தை மிக மெல்லிதாக விட்டுப் பாருங்கள், முகம் எழுந்து நிற்கும்.

பழக வேண்டிய முறைகள் நாலைந்துதான். பலகையைச் சற்றுச் சாய்த்து, தூரிகை நிறைய வண்ணம் எடுத்து, மேலிருந்து பட்டை பட்டையாக இழுத்து, அடியில் தேங்கும் துளியை அடுத்த பட்டையில் கலந்துகொண்டே இறங்குவது சமப்பூச்சு. வானத்துக்கு அது. தாளை நனைத்து, பளபளப்பு அடங்கி மங்கலாகும் நேரத்தில் வண்ணம் தொடுவது ஈரத்தின்மேல் ஈரம். காலை மூடுபனியில் தெரியும் மரவரிசைக்கும், ஈப்போ பக்கம் மேகம் மூடிய சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் இதற்கு ஈடில்லை. நன்றாகக் காய்ந்தபின் மேலே மெல்லிய வண்ணம் ஏற்றுவது அடுக்குப்பூச்சு. தூரிகையில் ஈரத்தைப் பிழிந்துவிட்டுச் சொரசொரத் தாளில் உரசுவது உலர்தூரிகை, பால்மரப் பட்டைக்கென்றே செய்தது.

இதில் சிக்கல், காய்வதுதான். நம் காற்றின் ஈரத்தில், அதுவும் மாலை மழைக்கு முன், பூச்சு எப்போது காயும் என்று சொல்ல முடியாது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் தண்ணீர்த் தூரிகை பட்டால் வண்ணம் ஒதுங்கி, ஓரம் கிழிந்த பூப்போலக் கறை விழும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். மின்விசிறியின் கீழ் வையுங்கள், இல்லை இரண்டு படத்தை மாற்றி மாற்றித் தீட்டுங்கள்.

வெட்டில் ஓடும் வெள்ளைப் பாலை எப்படிக் காப்பது? சுற்றி மெதுவாகத் தீட்டலாம், இல்லையென்றால் மறைப்புத் திரவம் பூசலாம். இந்த மறைப்புத் திரவம் பெரும்பாலும் அமோனியா சேர்த்த கித்தாப் பால்தான். மூடியைத் திறந்ததும் பழைய தோட்டக்காரர்களுக்கு மணம் சொல்லிவிடும். அதற்காக மங்கிலிருந்து நேராகத் தொட்டுப் பூசாதீர்கள். அமோனியா இல்லாத பால் சில மணி நேரத்தில் உறைந்து நாறும், பழுப்பேறும். பூசும் தூரிகையை முதலில் சோப்பில் தோய்த்துக்கொண்டால் ரப்பர் மயிரில் ஒட்டாது. காய்ந்தபின் தீட்டி, வண்ணமும் முழுக்கக் காய்ந்தபின் விரலால் உருட்டி எடுங்கள். நாள்கணக்கில் விட்டால், வெயிலில் வைத்தால், உரிக்கும்போது தாளும் சேர்ந்து வரும்.

எண்ணெய் பேஸ்டல்

சிறுவர்களுக்கானது என்று ஒதுக்கப்படுவது நியாயமில்லை. ஜப்பானின் சகுரா நிறுவனம் 1920களில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்தது உண்மைதான், பிறகு பெரிய ஓவியர்களும் எடுத்துக்கொண்டார்கள். காவடி, சேலை, கோபுரச் சுதை என்று நிறம் கொட்டும் இடத்துக்கு இதுவே தோது. வெளிர் நிறத்தை முதலில் அழுத்தமாகப் பூசி, அதன்மேல் இருண்ட நிறத்தை ஏற்றி, டூத்பிக்கால் கீறினால் அடிநிறம் கோடாக வெளிவரும். செம்பனை ஓலைக்கு இந்தக் கீறல் அருமை. துளி பேபி ஆயில் தொட்ட பஞ்சால் கலக்கலாம். பகல் சூட்டில் குச்சி குழைந்தால் சற்றுநேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒன்று மட்டும்: இது ஒருபோதும் முழுதாகக் காயாது, படத்தின்மேல் பட்டர் பேப்பர் போடாமல் அடுக்காதீர்கள்.

அக்ரிலிக்

நீர்வண்ணத்தில் வெளிரிலிருந்து இருட்டுக்குப் போனோம். இங்கே இருட்டில் தொடங்கி மேலே ஒளியை ஏற்றலாம். தப்பினால் காயவிட்டு மேலே பூசிவிடலாம். வெள்ளைக் கேன்வாஸில் நேராக இறங்காமல் முழுக்க பர்ன்ட் சியன்னாவை மெல்லிதாகப் பூசிக் காயவையுங்கள். மேலே வரும் பச்சைகளுக்கு நடுவே அந்தச் செம்மண் நிறம் அங்கங்கே எட்டிப்பார்க்கும், பச்சைத் தோட்டம் மூச்சுவிடும்.

வேகமாகக் காய்வதுதான் இதன் குணமும் குற்றமும். தட்டில் பிழிந்த வண்ணம் மின்விசிறிக் காற்றில் சீக்கிரமே தோல்கட்டும். மூடியுள்ள தட்டையான டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் பிழியுங்கள். மூடிவைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். தூரிகையைத் தண்ணீரை விட்டு எடுத்து வெளியே வைத்து மறந்தால் அது பிளாஸ்டிக் குச்சி. காய்ந்தபின் நிறம் ஒரு படி இருண்டுவிடும், அதனால் கலக்கும்போதே சற்று வெளிராகக் கலக்குங்கள்.

படங்களை வைக்கும் இடம்

நம் சீதோஷ்ணத்தில் தாளைக் கெடுப்பது பூஞ்சை. நன்றாகக் காயாத நீர்வண்ணப் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் மூடினால் சில மாதத்தில் பழுப்புப் புள்ளி பூக்கும். தட்டையான அட்டைப் பையில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். தரையில் வேண்டாம், கரையான் ஓவியம் பார்ப்பதில்லை. செய்தித்தாளை இடையில் வைக்காதீர்கள், அதன் அமிலம் படத்தில் ஏறும். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். ஈரம் ஏறி வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. நேர்வெயில் படும் சுவரையும் தவிருங்கள்.